தர்மவியாதரின் கடை வாசலில்

வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி ஒரு வீட்டிற்கு மகிழ்ச்சியையே கொண்டுவர வேண்டும். 2015-ஆம் ஆண்டு, மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், பருத்தி விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருந்த ஒரு சிறு விவசாயியின் வீட்டிற்கு அச்செய்தி வந்தது. தாய் சுவாமி விளக்கை ஏற்றினாள். தந்தையோ ஒன்றும் பேசாமல், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து சென்றார். பர்பணி வேளாண் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படித்த மகனுக்குக் கிடைத்தது, ஒரு பெரிய பீர் நிறுவனத்தில் ஓராண்டுப் பயிற்சிப் பணி.

தந்தை வார்கரி மரபினர். பண்டரிபுரத்து விட்டலனே தெய்வம், ஏகாதசியே விரதம், கழுத்துத் துளசி மாலையே உடைமை என்று வாழ்பவர். அந்த மாலையை அணிந்தவர்கள் மதுவையும் மாமிசத்தையும் தொடுவதில்லை. மகனும் குடிக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அவர் மனத்தில் தைத்த முள் வேறு. நம் வீட்டு வாசலுக்குள் வரவிடாத ஒன்றைப் பிறர் வீடுகளுக்கு அனுப்பிப் பிழைக்கலாமா?

அவர் இதை மகனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதேனும் பதில் சொல்லித் தப்பியிருக்கலாம். கேட்காததால் அந்தக் கேள்வி மகனோடு பேருந்தில் ஏறி நகரம்வரை சென்றது.

ஆறுதல் வாக்கியங்கள்

இத்தகைய இக்கட்டில் மனம் தனக்குத்தானே சில ஆறுதல்களைச் சொல்லிக்கொள்ளும். மனத்தின் இந்த வேலையைக் கூர்ந்து கவனிப்பது சாதகனுக்கு அவசியம். ஏனெனில் புலன்கள் ஏமாற்றுவதைவிட நுட்பமாகப் புத்தி ஏமாற்றும்.

'நான் குடிப்பதில்லையே' என்பது முதல் ஆறுதல். இது வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. புகழ்பெற்ற மது நிறுவனமான மோகன் மீக்கினின் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்து 2018-இல் மறைந்த கபில் மோகன், மதுவைத் தொடாதவர் என்று நாடறியும். கையெட்டும் தூரத்தில் இருப்பதைத் தொடாமல் வாழ்வது தவமே. ஆனால் அத்தவம் கேள்வியின் ஒரு பாதிக்கு மட்டுமே விடை தருகிறது. என் உடலுக்குள் என்ன செல்கிறது என்பது ஒரு பாதி. என் உழைப்பு உலகிற்குள் எதை அனுப்புகிறது என்பது மறு பாதி.

'நான் விட்டால் இன்னொருவன் செய்வான்' என்பது இரண்டாவது. உலகில் எந்தத் தவறுக்கும் இந்த வாதம் பொருந்தும் என்பதே இதற்கு மறுப்பு.

'அரசே அனுமதித்திருக்கிறதே' என்பது மூன்றாவது. அரசியல் சாசனத்தின் 47-ஆவது பிரிவு, மதுவிலக்கை நோக்கி முயல வேண்டும் என்று அரசுக்கே வழிகாட்டுகிறது. குஜராத் தனி மாநிலமான நாள் முதல் மதுவிலக்கைக் கடைப்பிடிக்கிறது. பீகார் 2016-இல் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் பலவற்றின் கருவூலத்திற்கு மதுவின் வரி பெரும் வருவாய். மகாராஷ்டிரத்தில் மதுவை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் பெயரே மதுவிலக்குச் சட்டம்; அது 1949-ஆம் ஆண்டுச் சட்டம். சட்டத்தின் பெயர் ஒன்று, நடப்பு ஒன்று. சட்டம் தண்டிக்காது என்பதையும் தர்மம் ஏற்கிறது என்பதையும் ஒன்றாகக் கருதுபவனுக்கு மனச்சாட்சி தேவைப்படுவதே இல்லை.

'பீர் சாராயம் அல்லவே' என்பது நான்காவது. நம் நாட்டில் 'ஸ்ட்ராங்' என்ற பெயரில் விற்கப்படும் பீரில் ஆல்கஹால் எட்டு சதவீதம் வரைகூட இருப்பதுண்டு. ஆல்கஹாலின் எந்த அளவும் உடல்நலத்திற்குப் பாதுகாப்பானது என்று கூற இயலாது என 2023-இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 26 லட்சம் மரணங்களுக்கு மது காரணமாயிற்று என்பதும் அதே அமைப்பின் கணிப்பு.

ஆலைக்குள்

இருப்பினும் உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும். அந்த இளைஞருக்கு வேலை பிடித்திருந்தது.

அன்று ஔரங்காபாத் என்றும் இன்று சத்ரபதி சம்பாஜிநகர் என்றும் அழைக்கப்படும் நகருக்கு அருகில் வாளுஜ் தொழிற்பேட்டை இருக்கிறது. மதுபான ஆலைகள் பல அப்பகுதியில் உள்ளன. முதல் நான்கு மாதங்கள் அவருக்குப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சி. முளைகட்டி உலர்த்திய பார்லியை அரைத்து வெந்நீரில் ஊறவைக்கிறார்கள். தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. வடித்த இனிப்பு நீரை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்க வைத்துக் குளிரச் செய்து ஈஸ்ட் சேர்த்தால், அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. ஒரு பாத்திரம் சரியாகக் கழுவப்படாவிட்டால் முழுத் தொட்டியும் கெட்டுப்போகும். தூய்மை, நேரம், வெப்பம், ஓயாத கவனம் ஆகியவற்றைக் கோரும் வேலை அது. மூத்த ஊழியர்கள் அன்பாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

நாள்தோறும் அவர் அளந்து குறித்த பிஎச் அளவீடே, 1909-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் வகுத்தது. தூய ஈஸ்டைத் தனித்து வளர்க்கும் முறையை 1883-இல் கண்டவர் அதே கூடத்தின் ஹான்சன். அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் வழங்கினார்கள். 1899-இல் ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பை முடித்த கையோடு டப்ளினின் கின்னஸ் ஆலையில் சேர்ந்த காசெட் என்ற இளைஞர், 1908-இல் 'மாணவன்' என்ற புனைபெயரில் வெளியிட்ட புள்ளியியல் முறையை இன்று மருந்து ஆராய்ச்சியிலும் பயன்படுத்துகிறார்கள். அறிவு எந்தத் தொட்டியிலும் முளைக்கும். சேற்றில் தாமரை என்று நம்மவர்கள் சொல்வதும் அதைத்தானே.

இந்த ஈடுபாட்டைக் கண்ட ஒரு சக ஊழியர், 'செய்யும் தொழிலில் திறமையே யோகம் என்று கீதை சொல்கிறது, பிறகென்ன?' என்றார். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் யோகத்தையும் செயல்திறனையும் இணைத்துப் பேசும் இடம் அடிக்கடி இப்படித் தலைகீழாக மேற்கோள் காட்டப்படுகிறது. சமநிலையில் நின்று, கர்மம் கட்டாதவாறு கர்மத்தைச் செய்வதே அங்கே கூறப்படும் திறன். திறமையாகச் செய்யப்படுவதெல்லாம் யோகமாகிவிடாது. பூட்டுடைப்பவனுக்கும் திறமை உண்டு.

வியாதர் சொன்னதும் சொல்லாததும்

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரிலுள்ள ஓர் ஆசிரமத்தின் கீதை வகுப்பிற்குச் சென்றுவந்தார். அங்கே உடன் படித்தவர்களிடம் தம் சங்கடத்தைச் சொன்னபோது எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். அது மகாபாரதத்தின் வன பர்வத்தில் வரும் தர்மவியாதர் கதை. நியூயார்க் நகரில் நிகழ்த்திய கர்மயோகச் சொற்பொழிவுகளில் சுவாமி விவேகானந்தரும் இதனை எடுத்துரைத்திருக்கிறார்.

தன் பார்வையால் கொக்கை எரித்த கௌசிகர் என்ற அந்தணர், பிச்சை கேட்ட வீட்டில் கணவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஓர் இல்லத்தரசியால் திருத்தப்படுகிறார். அவள் அவரை மிதிலைக்கு அனுப்புகிறாள். அங்கே இறைச்சிக் கடையில் இருக்கும் வியாதர், வந்தவர் யார், யார் அனுப்பினார் என்பதையெல்லாம் கேளாமலே அறிந்திருக்கிறார்; தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று தர்மத்தின் நுட்பங்களை உபதேசிக்கிறார். ஆகவே இறைச்சி விற்றவரே ஞானியாகலாம் என்றால் பீர் காய்ச்சுபவன் ஏன் ஆகக் கூடாது என்பது நண்பர்களின் வாதம்.

வகுப்பை நடத்திய முதிய துறவி ஒரு நாள் இளைஞரைத் தனியே அழைத்து, "அந்தக் கதையை முழுவதும் படித்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை, சுவாமிஜி. கேட்டதோடு சரி."

"படித்துவிட்டு வாருங்கள்."

படித்தவருக்குச் சொல்லக் கேட்காத பல செய்திகள் தென்பட்டன. அத்தொழில் வியாதர் தேர்ந்தெடுத்ததன்று. பாட்டன் தந்தை வழியாக வந்தது. அவர் தாமே உயிர்களைக் கொல்வதில்லை. பிறர் கொன்றதை விற்கிறார். அவர் மாமிசம் உண்பதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, கௌசிகர் 'இது உமக்கு ஏற்ற தொழிலா?' என்று வருந்தும்போது, வியாதர் தம் தொழிலைப் புகழவே இல்லை. இது கொடியது என்று ஒப்புக்கொள்கிறார். முன்வினையால் நேர்ந்தது, நீங்க முயன்றும் எளிதில் நீங்காதது என்கிறார். ஞானியான பின்னும் தம் கடையில் தொங்கியதை அவர் வேறு பெயரிட்டு அழைக்கவில்லை.

பிறப்பாலும் இயல்பாலும் வந்தமைந்த கடமையைக் குறை கண்டு உதற வேண்டாம் என்பது கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்துக் கருத்து. அங்கும் குறை குறையாகவே பேசப்படுகிறது. குறையை நிறை என்று கொண்டாடும்படி எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. மேலும், வளாகத் தேர்வில் கையெழுத்திட்டு ஏற்ற வேலை பாட்டன் சொத்து ஆகுமா? கடனும் வறட்சியும் அந்தக் கையைப் பிடித்துக் கையெழுத்திட வைத்தன என்பதும் உண்மை. முழு விருப்பமும் அன்று, முழுக் கட்டாயமும் அன்று. இன்றைய மனிதர்களில் பெரும்பாலோர் இந்த இடைவெளியில்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு வியாதரின் கதை ஓரளவே பொருந்தும்.

விற்பவனைப் பற்றிய வாக்கு

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதன் பத்துக் குறள்களும் குடிப்பவனையே நோக்குகின்றன. விற்பவனைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர் புத்தர். இல்லறத்தார் செய்யத் தகாதவை என்று அங்குத்தர நிகாயத்தில் அவர் கூறும் ஐந்து வணிகங்கள் ஆயுதம், உயிர்கள், மாமிசம், போதைப் பொருள், நஞ்சு ஆகியவை.

இதற்கு மாறாக ஸ்ரீராமகிருஷ்ணரின் கருணையைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆங்கிலேய நிறுவனமொன்றில் உயர்ந்த சம்பளம் பெற்ற சுரேந்திரநாத் மித்ரர் குடிப்பழக்கம் உடையவர். குருதேவர் அவரை விலக்கவில்லை. குடிக்கும் முன் அன்னைக்கு நிவேதிக்கும்படியும், கால் தள்ளாடும் அளவுக்குச் செல்லாதிருக்கும்படியும் கூறினார். பின்னாளில் வராகநகர் மடத்தின் வாடகையைத் தந்து இளம் துறவிகளைக் காத்தவர் அந்த சுரேந்திரரே. ஆனால் இந்தக் கருணை விழுந்தவனைத் தூக்கும் கருணை. வழுக்கும் இடத்தில் எண்ணெய் ஊற்றுபவனுக்கு அதை உரிமைச் சீட்டாக்குவது குருதேவரின் பெயரைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

எண்ணெய் ஊற்றும் அந்த இடம் எது என்பதை இளைஞர் ஜனவரி மாதத்தில் அறிந்துகொண்டார். பயிற்சியின் அடுத்த கட்டம் விற்பனைப் பிரிவு. கடை கடையாகச் சென்று பெட்டிகளை எண்ணிக் குறிக்க வேண்டும். காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் காத்திருந்த முகங்கள் சிலவற்றை அவர் மறுநாளும் அதே இடத்தில் கண்டார். 2019-இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் எய்ம்ஸ் மூலம் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடிப் பேர். அதனால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் சுமார் 5.7 கோடிப் பேர். மிகுதியாகக் குடிக்கும் ஒரு பகுதியினரே விற்பனையின் பெரும் பங்கை வாங்குகிறார்கள் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. விற்பனை இலக்கு என்ற சொல்லின் அடியில் அந்த முகங்கள் இருக்கின்றன.

பிறகு மேலதிகாரி அவரிடம் ஒரு திட்டம் எழுதச் சொன்னார். மது விளம்பரத்தைத் தொலைக்காட்சி விதிகள் தடுப்பதால் அதே பெயரில் சோடா, குடிநீர், இசைத்தட்டு என்று விளம்பரம் செய்வது இத்தொழிலின் நெடுநாள் வழக்கம். கல்லூரி விழாக் காலம் அது. சோடாவின் பெயரால் விழாக்களுக்குப் பொருளுதவி செய்து, மேடையில் பெயர்ப் பலகை வைக்கும் திட்டம் அது. மகாராஷ்டிரத்தில் பீர் வாங்க 21 வயது நிரம்ப வேண்டும். அந்தக் கல்லூரிகளில் பாதிப் பேருக்குமேல் அந்த வயதை எட்டாதவர்கள். இளைஞர் நன்றாகவே எழுதிக் கொடுத்தார். பாராட்டும் கிடைத்தது. மூன்று வாரம் கழித்து ஒரு விழாவில், மீசை அரும்பிய பையன்கள் சிலர் அந்தப் பலகையின் முன் தோளில் கை போட்டுப் படமெடுத்துக்கொண்டதைப் பார்த்தார். யாரும் சோடாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

இருக்கும் தாகத்திற்கு ஒன்றை விற்பது ஒரு தொழில். இல்லாத தாகத்தை உண்டாக்குவது வேறொரு தொழில். வியாதர் கடையில் காத்திருந்தார். தெருவில் இறங்கிச் சிறுவர்களை அழைக்கவில்லை. நச்சு என்று தான் அறிந்ததன்மீது பிறர் மனத்தில் ஆசையை விதைக்கும் செயல், எந்தப் பிரிவில் நடந்தாலும், எந்தப் பொருளின் பெயரால் நடந்தாலும், சாதகனுக்கு உரியதன்று. பிழைப்பின் கட்டாயம் எவ்வளவு தூரம் மன்னிக்கும் என்று கேட்டால், அது தொட்டிவரை மன்னிக்கலாம். அந்தப் பலகைவரை மன்னிக்காது.

அன்றிரவு உறங்காமல், மறுநாள் ஆசிரமத்திற்குச் சென்றவர், "வேலையை விட்டுவிடட்டுமா, சுவாமிஜி?" என்று கேட்டார்.

"வீட்டில் எல்லோரும் நீங்கள் எங்கே வேலை செய்வதாக நினைக்கிறார்கள்?"

"அப்பா அம்மாவுக்குத் தெரியும். உறவினர்களிடம் உணவு பதப்படுத்தும் நிறுவனம் என்று சொல்லியிருக்கிறேன்."

"முதலில் அதை விட்டுவிடுங்கள்" என்றார் துறவி. "யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள். அதைச் சொல்லிக்கொண்டே எவ்வளவு நாள் அங்கே இருக்க முடிகிறது என்று பாருங்கள்."

நாத சாகரத்து நீர்

அந்த வசந்தத்தில் மராட்வாடா வறண்டது. 2016 ஏப்ரலில் லாத்தூருக்கு மிரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் சென்றது. கோதாவரியின் குறுக்கே பைடணில் கட்டப்பட்ட ஜாயக்வாடி அணையில் நீர் அடிமட்டத்திற்குப் போயிருந்தது. அதன் நீர்த்தேக்கத்தின் பெயர் நாத சாகரம். பைடணில் வாழ்ந்த ஏகநாதரின் நினைவாக இட்ட பெயர். காசியிலிருந்து ராமேஸ்வரத்திற்குக் காவடியில் கொண்டுசென்ற கங்கை நீரை, வழியில் தாகத்தால் துடித்த ஒரு கழுதையின் வாயில் ஊற்றி, ராமேஸ்வரன் இங்கேயே பெற்றுக்கொண்டான் என்று மகிழ்ந்தவர் அந்த ஏகநாதர்.

மதுபான ஆலைகளுக்கு வழங்கும் நீரை 60 சதவீதம்வரையும் மற்றத் தொழிற்சாலைகளுக்கு 25 சதவீதமும் குறைக்குமாறு மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை அம்மாத இறுதியில் ஆணையிட்டது. ஒரு லிட்டர் பீர் கையில் வருவதற்குப் பல லிட்டர் நீர் செலவாகிறது. கொதிக்க வைப்பதைவிடக் கழுவுவதற்கே மிகுதி. இளைஞர் அப்போது மீண்டும் ஆலைக்குள் வந்திருந்தார். புட்டி கழுவும் இயந்திரம் ஒரு வேளை நின்றபோது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையின்றித் திரும்பிச் சென்றார்கள். அவர்கள் வீடுகளிலும் குடிநீர் இல்லை. இப்போது கூலியும் இல்லை. தொழில் தீயது என்று சொல்வது எளிது. அதில் தொங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்களை எண்ணாமல் சொல்வது இன்னும் எளிது. ஊரில் தாய் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்த செய்தியும் அன்றே வந்தது.

பயிற்சி முடிந்தபோது நிறுவனம் இரண்டு இடங்களைக் காட்டியது. விற்பனைப் பிரிவில் சம்பளம் அதிகம், வாகனப் படியும் உண்டு. பரிசோதனைக் கூடத்தில் குறைவு. அவர் கூடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பால் பண்ணைகள் சிலவற்றிற்கு விண்ணப்பமும் அனுப்பினார், பதில் வரவில்லை. கடன் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. உறவினர் வீட்டுத் திருமணத்தில் ஒருவர் கேட்டபோது 'பீர் ஆலை' என்று சொன்னார். அதன்பின் பந்தியில் அவர் அருகில் உட்கார்ந்த பெரியவர் எழுந்து வேறிடம் சென்றார்.

வீட்டிற்கு அனுப்பிய பணத்தைத் தந்தை தொடாமல் வைத்திருந்தது தாய் மூலம் தெரிந்தது. ஊருக்கு வந்த மகனிடம் அவர் அதைப் பற்றி முதன்முறையாகப் பேசினார். "கடன் உன் படிப்புக்கு வாங்கினது. அதை உன் சம்பளம் அடைக்கட்டும், அது நியாயம். வாரிக்குப் போக நான் ஆட்டை வித்துக்கிறேன்."

ஜூலையில் ஏகநாதரின் பல்லக்கு பைடணிலிருந்து புறப்பட்டு பீட் மாவட்டத்தின் வழியே வந்தது. மகன் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, தந்தையின் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உடன் நடந்தார். அந்த ஆண்டு மழை வரத் தொடங்கியிருந்தது. பாதையோரத்துப் பள்ளங்களில் செந்நீர் தேங்கியிருந்தது. ஒரு மர நிழலில் இளைப்பாறும்போது, பல ஆண்டுகளாகத் தந்தையோடு நடக்கும் ஒரு முதிய வார்கரி, "பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டார்.

மகன் வாய் திறக்கும் முன் தந்தையே சொன்னார்: "பீர் ஆலையில்."

முதியவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தம் செம்பிலிருந்த தண்ணீரில் பாதியைத் தாம் குடித்துவிட்டு, மீதியை அந்தப் பையனிடம் நீட்டினார்.